நீள்முகமும் அப்பாவின் மூக்கும்

ஜூன் 9, 2025. திங்கள்

கடவுளின் தாடியில் பதின்மூன்று பகுதிகள் இருக்கின்றனவாம். இன்று காலை மூன்றாவது பகுதி வரை வந்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து பிரபு இந்த வேலையைத் தந்தபோது, "யூத மறைஞானத்துக்கு ஒரு எளிய அறிமுகம் சார், இருநூறு பக்கம்தான், ரெண்டு மாசம் போதும்" என்றான். எளிமை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் முழுக்க ஒரே விஷயம், கடவுளின் முகம். நெற்றி, கண், மூக்கு, காது, தாடி என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. ஒரு குருவும் ஒன்பது சீடர்களும் வயல்வெளியில் கூடி உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள். ஆரம்பிக்கும்போதே குரு ஓர் எச்சரிக்கை விடுகிறார்: இதையெல்லாம் உருவமாக நினைத்துக்கொள்கிறவனுக்குச் சாபம்.

சரி ஐயா. உருவமாக நினைக்காமல் மூக்கை எப்படி மொழிபெயர்ப்பது?

ஜூன் 12, வியாழன்

கீழ்வீட்டு நைனா முகமது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தார். வீட்டுக்காரர், முப்பது வருஷம் தோல் வியாபாரம் பார்த்தவர். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"படைச்சவனுக்குத் தாடியா? தம்பி, என் வீட்டு மாடியில உக்காந்தா இத எழுதுறீக?"

அது தாடி இல்லை, கருணை பதின்மூன்று வழிகளில் கீழே இறங்கி வருவதன் குறியீடு என்று விளக்கினேன். அவர் தன் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்க வேதத்துலயும் இறைவனோட முகம்னு வரும். அது எப்படின்னு கேக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாக. கேக்காம இருந்தா உங்களுக்கும் இந்த வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இந்தப் புத்தகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் வரப்போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒருவழியாக விஷயம் பிடிபட்டது. முகங்கள் இரண்டு. ஒன்று நீள்முகம், இன்னொன்று குறுமுகம். நீளம் என்றால் பொறுமை. கோபம் மூக்குக்கு வந்து சேரவே யுகங்கள் ஆகும். குறுமுகத்துக்கு அந்தத் தொல்லையில்லை, உடனே வந்துவிடும்.

நீள்முகத்துக்கு ஒரே கண்தான். இமை கிடையாது, அதனால் உறக்கமும் கிடையாது. அதற்கு இடப்பக்கமே இல்லை. இடப்பக்கம் தண்டனையின் பக்கம். குறுமுகத்துக்கோ இடமும் வலமும் உண்டு. நியாயம் கேட்கும், தீர்ப்புச் சொல்லும், தண்டிக்கும். நீள்முகம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை மேலே படும்போதுதான் குறுமுகத்தின் கோபம் இறங்கும்.

சாப்பிடும்போது இதை மனைவி தீபாவிடம் சொன்னேன். "இதுல நீங்க எந்த மூஞ்சி?" என்று கேட்டாள். மோர்க்குழம்பில் உப்பில்லை என்று நான் தட்டைத் தள்ளிவைத்துப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. தட்டை மறுபடி இழுத்துவைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

மூக்கு அத்தியாயம். மிக எளிதாகப் போகிறது. காரணம், இந்தத் துறையில் எனக்கு முன்னனுபவம் உண்டு.

2021 அக்டோபரில் ஒரு சிற்றிதழில் 'அப்பாவின் மூக்கு' என்று ஒரு கட்டுரை எழுதினேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும், அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அன்றைய வானிலையைக் கணித்தோம் என்று. நிறையப் பேர் போன் செய்து பாராட்டினார்கள். அந்த மூக்கு என்னிடமும் இருக்கிறது என்பதை மட்டும் கட்டுரையில் எழுதவில்லை. இலக்கியத்தில் தேர்ந்தெடுப்பு முக்கியம்.

எங்கள் ஊர் சேவுகம்பட்டியில் அதை டீக்கடையில் சத்தமாக வாசித்தார்களாம். அப்பா என்ன சொன்னார் என்று அண்ணனிடம் கேட்டேன். "படிச்சாரு. சிரிச்சாரு" என்றான். அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தப் பொங்கலுக்குப் போனபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், கத்தவே இல்லை. எழுத்து ஒரு மனிதனை எப்படிச் சாந்தப்படுத்திவிடுகிறது பார் என்று திரும்பும்போது பஸ்ஸில் தீபாவிடம் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்று நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. மோசே கடவுளிடம் உன் முகத்தைக் காட்டு என்று கேட்கிறார். முகத்தைப் பார்க்க முடியாது, வேண்டுமானால் முதுகைப் பார்த்துக்கொள் என்று பதில் வருகிறது. உரையாசிரியர் பன்னிரண்டு பக்கத்துக்கு இதைக் கருணை என்கிறார். முகத்தை மறைப்பது கருணையாம்! இவர் வீட்டில் யாராவது இப்படி மறைத்திருந்தால் தெரியும்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையும் என்கிறார்கள், மூன்று வருஷமாக எழுதியும் குறையவில்லை என்பது வேறு விஷயம். 2022 ஆகஸ்டில் அப்பா இறந்தபோது நான் சென்னையில் இருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அண்ணன் சொன்னான். ஆறு மணிக்கெல்லாம் கார் பிடித்துவிட்டேன். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன், அப்பா முகத்தைப் பார்க்கணும், வைத்திருங்கள் என்று விழுப்புரத்தில் சொன்னேன், திருச்சியில் சொன்னேன். இரண்டு மணிக்கு எடுத்துவிட்டார்கள். நான் நேராகச் சுடுகாட்டுக்குப் போனபோது எரிந்துகொண்டிருந்தது. முகத்தின் மேல் கடைசி எருவாட்டியை வைப்பதற்கு முன்னால், "முகம் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்று சத்தம் கொடுப்பார்கள். ஊரில் யார் யாரோ பார்த்தார்கள். பால்காரர் பார்த்தார். பெற்ற பிள்ளை பார்க்கவில்லை.

ஏன்டா ஒரு மணி நேரம் பொறுக்கல என்று கேட்டேன். "மழை வரும்னாங்க அப்பு" என்றான் அண்ணன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அத்தனை பேர் முன்னால் அவனை என்னென்ன பேச்சுப் பேசினேன் என்று எனக்கே முழுதாக ஞாபகமில்லை. அதோடு சரி. காமராஜ் என்று எனக்கு ஓர் அண்ணன் இல்லை.

மழையாம். மழை!

ஆகஸ்ட் 2, சனி

தீபா வற்புறுத்தித் தாடிக்கொம்பு கூட்டிப் போனாள். பெருமாளுக்குத் திரை போட்டிருந்தார்கள், உள்ளே அலங்காரம். முக்கால் மணி நேரம் நின்றோம். முகம் காட்டவில்லையே என்று கூட்டத்தில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நானும்தான். மனிதர்களிடம்தான் என் நியாயம் எல்லாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்கு அண்ணன் மனைவி பொன்னழகு மதினி வந்தார். வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயுமாக. மூன்று வருஷத்தில் முதல் தடவை. "வார ஞாயித்துக்கெழம மாமாவுக்கு மூணாம் வருசத் திதி. போன் அடிச்சா நீங்க எடுக்கிறதில்லையாம். அதான் நேர்ல சொல்ல வந்தேன் கொழுந்தனாரே" என்றார்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேச்சை மாற்றப் புத்தகத்தைப் பற்றி ஆரம்பித்தேன். படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நீள்முகம், குறுமுகம் என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். மதினி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த நீள மூஞ்சி எம்புட்டுத் திட்டுனாலும் வாயத் தொறக்காதா?"

"தொறக்காது மதினி. எல்லாத்தையும் தாங்கிக்கிடும்."

"கண்ணும் மூடாதோ?"

"மூடாது."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் குட்ட மூஞ்சி மாமாதான். நீங்க மூக்கப் பத்தி எழுதுனதை டீக்கடையில வாசிச்சாகள்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்கண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. 'நான் செத்தாக்கூட என் மூஞ்சிய அவனுக்குக் காட்டக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னாரு. இவுகளும் கையில அடிச்சுக் குடுத்துட்டாக."

அப்பா சிரித்தார் என்று அண்ணன் சொன்னானே என்றேன்.

"டீக்கடைதான் சிரிச்சுச்சு."

தீபா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். மதினி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீக. எங்கிட்டயும் சத்தியம் கேட்டாக. நான் சத்தியம்னு வாயால சொல்லல, சும்மா தலைய ஆட்டுனேன், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பொங்கலுக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சித்திரைக்குப் போனபோது தோட்டத்திலிருந்து வரவே இல்லை. வைகாசியில் தூங்குகிறார் என்றார்கள், முதுகைத்தான் பார்த்தேன். வயசு என்று நினைத்தேன். சாந்தம் என்று நினைத்தேன்! பஸ்ஸில் பெருமை வேறு.

பத்து மாசம் அந்த மனுஷன் எனக்கு முதுகை மட்டும் காட்டியிருக்கிறார். நான் மோசேக்குப் பன்னிரண்டு பக்கம் மொழிபெயர்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு.

அப்படி என்ன எழுதிட்டேன்? மூக்குன்னு எழுதினேன். மூக்குதானே. அதுக்கா? பெத்த புள்ளைக்கா?

இல்லை. இன்று அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சிக்கல். டீக்கடையில் உட்கார்ந்து, தன் மூக்குக்கு ஊர் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷன் அதில் எங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பிரபு போன். கடைசி அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "முகம் முடிஞ்சிருச்சுல்ல சார்?" என்றான்.

ஆகஸ்ட் 16, சனி. சேவுகம்பட்டி

மத்தியானம் வந்து சேர்ந்தேன். தீபா நாளைக் காலை வருகிறாள். பஸ்ஸில் வரும்போது நாலு விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தேன், இரண்டு கண்ணீரோடு. எதுவும் பயன்படவில்லை. அண்ணன் தென்னந்தோப்பில் நாளைய விருந்துக்கு இளநீர் இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா அப்பு, செத்த இதப் பிடி" என்று ஒரு குலையைக் கையில் கொடுத்தான். மூன்று வருஷப் பிரிவு அதோடு முடிந்தது. குலை கனமாக இருந்தது.

வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்த பிறகு கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு மழை பேஞ்சுச்சா?"

என்னைப் பார்த்தான்.

"சொல்லிட்டாளா? தலையத்தான் ஆட்டுனா. நான் அப்பவே நெனச்சேன்."

"ஏண்ணே சொல்லல?"

"மாத்திச் சொல்லுவாரு, மாத்திச் சொல்லுவாருன்னு பத்து மாசம் பாத்தேன். சொல்லாமலே போய்ட்டாரு. இன்னும் ஒரு மணி நேரம் வச்சிருந்தா நீ வந்திருப்ப. வந்தவன வாசல்ல மறிச்சு, அப்பா உன்னயப் பாக்க விடாதன்னுட்டாருன்னு ஊரு முன்னாடி சொல்லணும். என்னால ஏலாது. அதான் வெரசா எடுத்துட்டேன்."

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல. மூணு வருசம் உன்னயத் திட்டி வஞ்சுக்கிட்டே இருந்தேன்ல."

அண்ணன் அரிவாளை மட்டையில் கொத்தி வைத்தான். "செத்தவரு மேல கோவப்பட்டு என்னத்தச் செய்வ? நான் உசுரோட இருக்கேன்ல. வஞ்சுட்டுப் போ."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அவன் ஓர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தான். குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திருப்பிப் பிடித்தபடி வைத்துக்கொண்டான்.

"ஐஸ் பெட்டியில இருக்கும்போது எடுத்தது. மூஞ்சியக் காட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. போட்டோவப் பத்திப் பேச்சே வரல. காட்டவா?"

மூன்று வருஷமாக இந்தச் சட்ட நுணுக்கத்தை அவன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். வேண்டாம் என்றேன். அப்பா சொன்ன ஒன்றையாவது கேட்டுவைப்போம் என்று தோன்றியது. அண்ணன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. சேவுகம்பட்டி

கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். "ஏலே, எந்திரி, ஐயர் வந்துருவாரு" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன்.

குனிந்து நிற்கிறான். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு. கையில் காபி. அறுபது வயதாகிவிட்டது அண்ணனுக்கு. மூன்று வருஷம் நான் பார்க்காத நேரத்தில் கன்னம் ஒட்டி, புருவம் நரைத்து, அத்தனையும் வந்து இறங்கியிருக்கிறது. அந்த நெற்றி. அந்தத் தாடை. அதே மூக்கு. ஆனால் விடைக்காத மூக்கு. அது விடைக்காமல் இருந்தால் இவ்வளவு அழகாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அதை எழுதவும் இல்லை.

"என்னடா அப்படிப் பாக்குற? காபிய வாங்கு, ஆறுது" என்றான்.

ஐயர் வந்துவிட்டார், கூப்பிடுகிறார்கள். இதை மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன். இன்று காலை ஆறு மணிக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.