கீழ்க்குளத்தில் மிதந்த மீன்கள்

இன்று காலை தெருவில் கொசு மருந்து அடித்துப் போனார்கள். புகை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும், கொதிக்கிற உலையைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். அன்று வயலில் அடித்த மருந்தின் அதே வாடை இல்லைதான். ஆனாலும் வயலிலிருந்து வந்து, நனைந்த சட்டையோடு நீங்கள் அடுப்படி வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் காலம். முந்தின வருஷம் கார் நெல்லைக் குருத்துப்பூச்சி தின்று, பாதிக் கதிர் பதராக வெளுத்து நின்றது. இந்தத் தடவை விடக்கூடாது என்று தென்காசிக்குப் போய் எண்டிரின் பூச்சிமருந்து டப்பாவும், முதுகில் மாட்டி அடிக்கிற மிஷினும் வாங்கி வந்தீர்கள். நம் ஊரில் அதை முதலில் அடித்தது நீங்கள்தான்.

"ஏட்டி, வந்து பாரு. பூச்சி அப்படியே கொட்டிக் கெடக்கு!" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பயிர் கரும்பச்சையாக நின்றது. வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்தார்கள்.

மறுபடி ஒருமுறை மருந்தடித்த மறுநாளே மேற்கே மழை கொட்டியது. குற்றாலத்து அருவிகள் பொங்கின. சிற்றாற்றுக் கால்வாய் நிரம்பி நம் வயலுக்குள் பாய்ந்து, வடிகால் வழியாகக் கீழ்க்குளத்தில் போய் விழுந்தது. மழை விட்ட காலையில் குளத்தில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கொக்குகள் கூட்டமாக வந்து கொத்தின. சாயங்காலம் கரையிலிருந்த மருத மரத்தடியில் அவையும் செத்துக் கிடந்தன.

உழவு மாட்டை விற்று அந்த வருஷ மீன் குத்தகையை எடுத்திருந்தவர் சுடலைமுத்து. மீனை மயக்கிப் பிடிக்க அவர்தான் ஏதோ விஷக்காயை அரைத்துக் கலக்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மாடு குடிக்கிற தண்ணீர் என்பதால் அத்தனை கோபம். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அங்கே கிளம்புவதற்கு முன் நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "நம்ம வயக்காட்டுத் தண்ணிதானட்டி அங்கன போவுது." அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

பெண்கள் நின்ற பக்கத்தில் நானும் நின்றேன். "என் மீனுக்கு நானே வெசம் வைப்பனா?" என்று சுடலைமுத்து எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"அவன விடுங்கவே. மருந்து என் வயக்காட்டுல இருந்து போனது. கொன்னது நான்தான்."

யாரும் அடிக்க வரவில்லை. திட்டவும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, டப்பா எந்தக் கடையில கெடைக்கும்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. உங்கள் தலை குனிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சுடலைமுத்து சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

அறுவடையானதும் அவருக்கு நெல் அளந்து கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்து வந்த பிசானப் போகத்துக்கு ஊரில் முக்கால்வாசி வயலில் எண்டிரின் அடித்தார்கள். நம் விளைச்சலைப் பார்த்துத்தான். மழை பெய்தும் தவளைச் சத்தம் இல்லை. வயலில் கொக்கு இறங்கவில்லை. பூச்சி மட்டும் முன்னைவிட அதிகமாக வந்தது. வாடிய குருத்தைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். "பூச்சியத் தின்னுததையெல்லாம் கொன்னுட்டோம். பூச்சிக்கு இனி யாரு இருக்கா?" என்றீர்கள்.

அதையே வீடு வீடாகப் போய்ச் சொன்னீர்கள். "நீரு வெளைய வச்சு எடுத்துட்டீரு. எங்கள மட்டும் வேண்டாங்கீரு" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். திரும்பி வந்து, அந்த மிஷினைப் பின்கட்டில் கவிழ்த்துப் போட்டீர்கள். அதற்குப் பிறகு குளத்துக் கரை வழியாக நீங்கள் நடந்ததே இல்லை. வயலுக்குப் போக ஊரைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். வெயிலில் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் நான்தான் பேச்சை மாற்றினேன்.

உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று சுடலைமுத்து வந்திருந்தார். கண்பார்வை மங்கி, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நின்று, "எல்லாரும்தான் அடிச்சாங்க தாயீ. நான்தான்னு சொன்னது அவரு ஒருத்தர்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

வயலைப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இதையெல்லாம் சொன்னால், "அந்தக் காலத்துல யாருக்கும்மா தெரியும்?" என்கிறார்கள். உண்மைதான், நமக்குத் தெரியாதுதான். அதைச் சொல்லி நீங்கள் ஒருநாளும் தப்பித்துக்கொள்ளவில்லை. நானும் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நீங்கள் விட்டுப்போன வெட்கத்தில் யாரும் பங்கு கேட்கவில்லை. அது முழுதும் என்னிடம்தான் இருக்கிறது.