சாவடி வரை வந்த மாமன்

திண்டிவனம்,
28-5-1954

என் செல்லத் தம்பி விருத்தாசலத்துக்கு அக்காள் தையல்நாயகியின் ஆசிகள் கோடி.

அம்சாவுக்கு ஆனி பத்தாம் தேதி மயிலம் கோயிலில் காது குத்துகிறோம். அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். உன் மடியில்தான் உட்காருவாள்.

உன் மச்சான்தான் மல்லாட்டைக்கடலை மண்டியில் கதர்ச்சட்டையோடு நின்று குதிக்கிறார். "பாண்டிச்சேரியில பிரெஞ்சுக் கொடியே பறக்கணும்னு கட்சி நடத்துறவன் மடியில எம்பொண்ணா? கட்சிய உட்டுட்டு வரச் சொல்லு!" அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், இருப்பதே முப்பது பேர், அதில் பாதி பென்ஷன் வாங்கும் கிழங்கள். அப்படி என்னடா கட்சி அது? விட்டால் விடு, விடாவிட்டாலும் வந்து சேர்.

அக்காள்
தையல்நாயகி


புதுச்சேரி,
26-6-1954

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டுப்பாவாடையும் கம்மலும் தாம்பாளத்தில் வைத்துக் கிளம்பியவன்தான். இந்தியாவோடு சேரவேண்டும் என்று எல்லைச் சாவடியில் மறியல் செய்தவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "சார், 'இணைப்பு வாழ்க'ன்னு ஒரு தபா சொல்லிட்டுப் போய்க்கினே இருங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் சொல்லவில்லை, திரும்பிவிட்டேன்.

இந்தியா எனக்குப் பகையா அக்கா? நீ வாழும் ஊராயிற்றே. ஜனங்களை ஓட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், தோற்றால் ஒப்புக்கொள்கிறோம் என்கிறோம், அவ்வளவுதான் எங்கள் கட்சி. வீடுகளில் கல் விழுந்த பிறகு முப்பது பேர் ஒன்பதாகிவிட்டோம். இந்த நேரத்தில் நானும் நழுவுவதா?

அம்சா என்னைத் தேடினாளா?

விருத்தாசலம்


திண்டிவனம்,
1-7-1954

விருத்தாசலத்துக்கு,

தேடினாள். கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

ஜனங்களைக் கேட்கவேண்டுமாம். என்னைக் கேட்டா திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தீர்கள்? நான் குடித்தனம் பண்ணவில்லை?

உன் மச்சான் தன் தம்பி பெரியசாமியின் மடியில் பிள்ளையை உட்காரவைக்கப் பார்த்தார். சித்தப்பன் மடி மாமன் மடியாகுமா? அத்தனை பேர் முன்னாலும் அவளைத் தூக்கிக்கொண்டு, காது குத்தாமலே மலையிறங்கிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. உன்னால்தான். இனி நீயும் எழுதாதே.

தையல்நாயகி


புதுச்சேரி,
10-11-1954

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கொடி இறங்கிவிட்டது. கட்சியும் கலைந்தது. கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர்.

சாவடியில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் வரக் கால் எழவில்லை. அன்றைக்கு விறைப்பாகத் திரும்பியவன், இன்றைக்குத் தோற்றுப்போய் எந்த முகத்தோடு மச்சான் எதிரில் நிற்பது? பிரான்சில் மார்சேய் பட்டணத்தில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி கப்பலேறுகிறேன்.

அம்சாவைப் பார்க்க ஆசைதான். உன்னிடம் கேட்கத்தான் பயம்.

உன் தம்பி
விருத்தாசலம்


திண்டிவனம்,
12-12-1954

சீமைக்குப் போன என் தங்கத்துக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? அங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ கப்பலேறிய அன்றைக்குப் புதுச்சேரித் துறைக்கு வண்டி பிடித்தது நானல்ல, உன் மச்சான். "கடல் தாண்டிப் போறவங்கிட்ட என்னா கட்சி வேண்டிக்கிது, காது குத்துற ஆசாரியையும் இட்டுக்கினு ஜல்தி கெளம்பு" என்று அவரே சொன்னார். நீ டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, அம்சாவை மடியில் வைத்து, இடது காது முடிந்து வலது காதுக்கு வருவதற்குள் கப்பலுக்குப் போகும் படகுக்காரன் கூப்பிட்டுவிட்டான், பாழாய்ப் போனவன். நீ படகேறியதும் முதலில் அழுதவர் உன் மச்சான்தான். சொன்னேன் என்று அவருக்கு எழுதிவிடாதே.

வீட்டுக்கு வந்ததும், "வலது காதையும் குத்திடலாம், ஊர் சிரிக்குது" என்றார். நான் ஊசியைக் கிட்டே வரவிடவில்லை. ஒற்றைக் கம்மலோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். கேலி பண்ணுகிறவர்களிடம், "எங்க மாமா வந்தாத்தான் இந்தக் காது" என்று சண்டை பிடிக்கிறாள்.

நீ எந்தக் கொடியின் கீழ் வேண்டுமானாலும் இரு. என் பெண்ணுக்கு இன்னும் ஒரு காது பாக்கியிருக்கிறது.

அக்காள்
தையல்நாயகி