சுண்ணாம்பைக் குறைத்தேன், அக்கா

அக்கா,

நேற்று ஈசூனிலிருந்து ரயிலேறி சிராங்கூன் சாலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குப் பூ வாங்கத்தான். பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கடை. கடைக்காரர் வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அந்த ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. "வேணுமா ஆன்ட்டி? காலையில வந்த வெத்தல லா," என்றார். என் விரல் அதன்பாட்டுக்குச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தது. அதில் சுண்ணாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பூ வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐம்பதுகளில் நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியபோது, ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீடுகளில் நீங்கள்தான் அடுத்த வீடு. துறைமுகத்தில் வேலை செய்யும் கல்யாணமாகாத ஆண்களுக்குச் சோறு பொங்கிக் கேரியரில் அனுப்புவீர்கள். எனக்கு அப்போது ஒரு வேலையும் தெரியாது. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட மலாயில் என்ன கேட்பது என்று முழிப்பேன். "சும்மா உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காம இங்க வந்து வெங்காயம் உரிடி, அழுகைக்கு ஒரு காரணமாவது இருக்கும்," என்று கூப்பிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் அடுப்படிக்குள் வந்தவள்தான். பிறகு என் வீட்டில் இருந்த நேரத்தைவிட அங்கே இருந்த நேரம்தான் அதிகம்.

உங்கள் கை எப்போதும் மீனிலோ மசாலாவிலோ இருக்கும். வெற்றிலை போட ஆசை வந்தால் கையைக் கழுவித் துடைத்து உட்கார உங்களுக்குப் பொறுமை ஏது? அதனால் நான் மடிப்பேன். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து. நீங்கள் வேலையை விடாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி வாயைத் திறப்பீர்கள். நான் வைப்பேன். "என் புருஷன்கூட இப்படி ஊட்டுனது இல்லடி. உன் கை மடிச்சாத்தான் வெத்தல வெத்தலையா இருக்கு," என்பீர்கள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்காகவே கேட்காமலும் மடித்து வைத்திருப்பேன். நான் போட்டுக்கொண்டது கிடையாது. பல் கறையாகிவிடும் என்று எனக்குப் பயம். உங்கள் பல்லைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

புகையிலை பிறகு வந்தது. உங்களுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரசம் தாளித்தீர்கள். யாழ்ப்பாணப் புகையிலையில் ஒரு துணுக்கு அடக்கினால் மரத்துப்போகும் என்று குழாயடியில் யாரோ சொல்ல, நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். நானே கிள்ளி வெற்றிலையோடு வைத்தேன். முதலில் தலை சுற்றியது உங்களுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொல்லப் பாக்குறியாடி பாவி," என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பல்வலி போய்விட்டது. புகையிலை போகவில்லை. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே சமைப்பீர்கள், அடக்கிக்கொண்டே மதியம் கண்ணயர்வீர்கள்.

அறுபதுகளின் தொடக்கமாக இருக்கும். ஒருநாள் மிளகாய்க் குழம்பை ருசி பார்த்தவர் துடித்துப்போய்த் துப்பினீர்கள். "சுண்ணாம்பக் கூட்டிட்டியாடி? வாய் வெந்துபோச்சு." வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு படை, நடுவில் சிவந்த புண். எனக்கு உயிரே போய்விட்டது. என் விரல்தான் உங்களைச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதானே? தேங்காய்ச் சில்லை மெல்லக் கொடுத்தேன், நெய் தடவினேன். மறுநாளிலிருந்து சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்தேன்.

"சப்புன்னு இருக்குடி, தழையத் திங்கிற மாதிரி," என்றீர்கள்.

அந்தக் குறையை ஈடுகட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா, அக்கா? உங்களுக்குத் தெரியும். புகையிலையைக் கூட்டினேன். சுண்ணாம்பு சுடும், புகையிலை சுடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. புண் ஆறாதபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் புகையிலை கிள்ளினேன். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு நல்லது செய்கிற நிம்மதியோடு செய்தேன்.

அதற்குள் குழம்பை நான்தான் ருசி பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் கஞ்சிக்கு மாறியிருந்தீர்கள். உங்கள் வீட்டு அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. பகலெல்லாம் துறைமுகத்தில் இருக்கிற மனிதர், வீட்டுக்காரி வெற்றிலை போடுவது தெரியும், யார் மடிக்கிறார்கள் என்பது தெரியாது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். "அட, சுண்ணாம்புச் சூடுதாண்ணே. எண்ணெய் தடவினா ஆறிடும்," என்றேன். நான் சொன்னதை அவர் நம்பினார். உங்கள் தாடை இறுகி, வாய் பாதிக்குமேல் திறக்காமல் போன பிறகுதான் இரண்டாவது முறை கேட்டார். அப்போது என்னிடம் கேட்கவில்லை, நேராக வாடகை வண்டி பிடித்தார்.

மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. உடனிருந்த நர்ஸ்தான் அவர் கேட்டதைத் தமிழில் கேட்டார்: "புகையிலை போடுவீங்களா? யாரு பழக்கிவிட்டது?" அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திறக்காத வாயால் சொன்னீர்கள்: "யாரும் இல்ல. நானாத்தான்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். என் வாய்க்கு ஒரு நோயும் இல்லை.

புற்று என்றார்கள். கட்டம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது இங்கே கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். புகையிலை மட்டுமில்லை, பாக்கும் ஆகாதாம். ஆறாத புண் என்றால் காத்திருக்கக் கூடாதாம். என் முறை வரும்வரை அந்தப் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று என் மகள் சொல்கிறாள். நியாயம்தான். தெரியாமல் செய்ததை நீங்கள் என்றோ மன்னித்திருப்பீர்கள். நான் இதை எழுதுவது அதற்காக இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு ஒரு சாயங்காலம். நீங்கள் பாயில் படுத்திருந்தீர்கள். அண்ணன் வாசலில், அவரைப் பார்க்க வந்த இரண்டு துறைமுகத்துக்காரர்களுடன் உட்கார்ந்திருந்தார். நான் உங்கள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு விரலைச் சேர்த்து மடிப்பதுபோல் காட்டினீர்கள். "சும்மா வெத்தல மட்டும்டி, நாக்குல வாசனை படட்டும்." பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, திறக்க முடிந்த அளவுக்கு வாயைத் திறந்தீர்கள்.

ஒரு வெறும் வெற்றிலை இனி உங்களை என்ன செய்துவிடப் போகிறது? அது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாசலில் பேச்சு நின்றிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மடித்துக் கொடுத்தால், இத்தனை வருஷமும் மடித்த கை இதுதான் என்று தெரிந்துபோகும். நான் எழுந்து நின்று, மூன்று ஆண்களுக்கும் கேட்கும்படி, "இந்த எழவாலதானேக்கா இந்தக் கதி! எத்தன தடவ சொல்லியிருப்பேன், கேட்டீங்களா? இன்னுமா ஆசை விடல?" என்றேன்.

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வாசலில் அண்ணன், "அப்பிடிக் கேளும்மா," என்றார். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். கோபித்திருக்கலாம், அழுதிருக்கலாம், அவர் எதிரிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு, நான் சொன்னது சரிதான் என்பதுபோல், மெதுவாகத் தலையை ஆட்டினீர்கள்.

அதைத்தான் அக்கா இன்னும் சுமக்கிறேன். புகையிலை வைத்ததை அல்ல. நீங்கள் எனக்காகத் தலையாட்டியதை.