எழுந்து ஓடாத தாய்மாமன்

என் பிரியமான அக்காவுக்கு,

மாசாயில் இன்று மண்டையைப் பிளக்கிற வெயில். நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உன் மகள் லோஷினி இந்நேரம் கூச்சிங்கிலிருந்து திரும்பிப் பறந்துகொண்டிருக்கிறாள். நான் தரையில் இருக்கிறேன். இத்தனை வருடமாக விமானத்திலேயே குப்பை கொட்டியவன், ஒரு விமானம் இறங்கும் வரை உட்கார முடியாமல் தவிக்கிறேன். நீ இருந்திருந்தால் "சுத்தி வளைக்காத, விஷயத்துக்கு வா" என்று திட்டியிருப்பாய். வருகிறேன், இரு.

நீ போன பிறகு லோஷி படிப்பை முடித்து, நான் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். அத்தானுக்கு அரை மனசுதான். "நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன்" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அதுதானே? "லோஷியப் பாத்துக்கடா" என்றாய். நானும் பெரிய மனுசன் மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வேலை. நான் தலைமைப் பணியாளர், முன்பக்கம் இருந்தேன். அவள் நடுவில் டிராலியைத் தள்ளிக்கொண்டு காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் திடீரென்று காது அடைத்து, குத்தி எடுத்தது. உள்ளே பனிமூட்டம் மாதிரி பரவியது. ஒரே குளிர். மேலேயிருந்து ஆக்சிஜன் முகமூடிகள் மொத்தமாக விழுந்து தொங்கின. விமானத்துக்குள் இருந்த காற்றழுத்தம் போய்விட்டது.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் போனால், நினைவு தப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும்போதே புத்தி தடுமாற ஆரம்பித்துவிடும். அதனால் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது இதுதான். கைக்கு எட்டுகிற முகமூடியை மாட்டிக்கொள். பக்கத்தில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே உட்கார். இடமே இல்லையென்றால் பயணியின் மடியிலாவது உட்கார். கேப்டன் விமானத்தை, முகமூடியில்லாமல் மூச்சு விட முடிகிற பத்தாயிரம் அடிக்கு இறக்கிவிட்டு, சரி என்று சொல்கிற வரைக்கும் யாருக்காகவும் எழுந்திருக்காதே.

நான் உட்கார்ந்தேன். முகமூடியை மாட்டி, பெல்ட்டைப் போட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. அதற்குப் பிறகுதான் இருக்கைகளுக்கு நடுவில் இருந்த நடைபாதையைப் பார்த்தேன். டிராலி தனியாக நின்றது. அதன் பின்னால் லோஷி இல்லை.

விமானம் மூக்கைச் சாய்த்து வேகமாக இறங்க ஆரம்பித்தது. மேலே ஆக்சிஜன் உண்டாகும்போது ஒரு கருகல் வாடை வரும். நெருப்பு என்று யாரோ மலாயில் கத்தினார்கள். என் கண் டிராலியை விட்டு நகரவில்லை. உட்கார்ந்தாளா, விழுந்தாளா? உட்கார்ந்திருந்தால் தலையாவது தெரிய வேண்டாமா? என் விரல் பெல்ட் கொக்கியில் இருந்தது, அக்கா. இதை யாரிடமும் சொல்லவில்லை. விமானம் நிமிரும் வரை விரல் அங்கேயே இருந்தது, நான் கொக்கியைக் கழற்றவில்லை.

கேப்டன் அறிவித்ததும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். அப்போதாவது ஓடினேன் என்று நினைக்கிறாயா? இல்லை. முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சீனப் பெரியவர் முகமூடியை வாய்க்கு மட்டும் மாட்டியிருந்தார், மூக்கையும் மூடிவிட்டேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, அதைத் தாண்டிப் போனேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அவள் விடுகிற வரை நின்றேன். உன் மகள் எங்கே என்று தெரியாமல், ஒரு முகம் விடாமல் பார்த்துப் பார்த்து நடந்தேன். அப்படி ஒரு நடை என் எதிரிக்கும் வேண்டாம்.

டிராலிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். டிராலி மறைத்த வரிசையில், குள்ளமான ஒரு மலாய்க்கார அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் கூடுதலாக ஒரு முகமூடி விழும், அதை மாட்டியிருந்தாள். அந்தம்மா அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சபார், சபார்" என்று பொறுமை சொல்லி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். உட்காருவதற்கு முன்னால் டிராலிக்கு பிரேக்கும் போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கினாள்.

"மாமா, இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன். பின்னால டாய்லெட்ட யாராச்சும் பாத்தாங்களா?"

நான் டாய்லெட்டைப் பார்க்கப் போனேன். உள்ளே யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

எல்லோரும் பத்திரமாக இறங்கினோம். நான் மாட்டிக்கொண்டது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். லோஷி நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"இவ எங்கேன்னு தெரியாம நீ உக்காந்தே இருந்தியா?"

"அப்படித்தான் அத்தான் இருக்கணும்."

"எழுந்த பெறகும் நேரா இவகிட்ட வரல?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீயெல்லாம் ஒரு தாய்மாமனாடா? சடங்குல மாலை போட மட்டும் மொத ஆளா வந்து நின்னே."

குத்தியது, அக்கா. அந்தச் சடங்குக்கு நீயும் நானும் தங்காக் வரைக்கும் போய், கடை கடையாக ஏறி இறங்கிப் பட்டுச்சேலை எடுத்தோம். லோஷிதான் குறுக்கே வந்தாள்.

"அப்பா, உங்க ஃபேக்டரில எண்ணெ டேங்குக்குள்ள ஒரு ஆள் மயங்கி விழுந்தா, மூச்சுக் கருவி மாட்டாம உள்ள எறங்கலாமா?"

"கூடாது. எறங்குறவனும் போயிருவான். ஆளுங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான்."

"நான் விழுந்தா?"

அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ விழுந்தா குதிப்பேன்."

"அதான்லா உங்கள ப்ளேன் வேலைக்கு எடுக்க மாட்டாங்க" என்று அவள் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. அவர் சொன்னதில் என்ன தப்பு? பெற்றவன் என்றால் குதிக்கத்தான் செய்வான். நான் ஏன் குதிக்கவில்லை? பாசம் குறைவா? இந்த வேலை என்னை அப்படி மரத்துப்போக வைத்துவிட்டதா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

என் காது இன்னும் சரியாகவில்லை என்று டாக்டர் எம்சி லீவை நீட்டிவிட்டார். லோஷி இன்றைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். போகாதே என்று சொல்லத்தான் காலையில் போன் செய்தேன். எடுத்ததும், "பசியாறிட்டீங்களா மாமா? காதுக்கு மருந்து போட்டீங்களா?" என்றாள். நான் "பாத்துப் போம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். அத்தான். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் வீட்டுப் பக்கம் வருகிறார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்ப எறங்கும்?"

"இன்னும் கொஞ்ச நேரம் அத்தான்."

நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், கேட் வரை போய் வந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "மறுபடி அப்படி ஆச்சுன்னா என்ன செய்வே?"

தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அவர் வெளியே காத்திருக்கிறார். பதிலை முதலில் உனக்கு எழுதிவிட்டு, பிறகு அவரிடம் போய்ச் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் எழுந்து ஓடியிருந்தால் டிராலிக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க மாட்டேன். நடைபாதையில் சுருண்டு விழுந்திருப்பேன். லோஷி அதைப் பார்த்திருப்பாள். எனக்குத் தெரிந்த விதி அவளுக்கும் தெரியும். ஆனால் விழுந்து கிடப்பது மாமா என்றால், அந்த அம்மாவின் கையை உதறி, முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் குதிக்கிறவர் பெற்ற பிள்ளை, அக்கா.

அதனால் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அடுத்த தடவையும் நான் எழுந்து ஓட மாட்டேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணால் அவளைத் தேடிக்கொண்டு, உட்கார்ந்தே இருப்பேன்.

உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
செல்வம்