மலையில் வாங்கிய திட்டு

கடலில் மிதந்துகொண்டிருக்கும் என் அன்பு மனிதருக்கு,

நலமா? நானும் நலம் என்று வழக்கம்போல் புளுகப் போவதில்லை. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஆனாலும் மனசு நன்றாக இருக்கிறது.

கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொள்ளப் போவதாக என் தங்கையிடம் சொன்னீர்களாம். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த என்ஜின் சத்தம் இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வருமா? முதலில் என் கதையைக் கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் பழக்கமான சிலர் ஞாயிறுதோறும் மலையேறுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன். "மூட்டுவாதம் போகாதும்மா. ஆனா நடக்கலாம், வலிச்சா உக்காந்துக்குங்க" என்றார். கிளம்பிவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போகவேண்டும், அவரை யாரும் முந்தக்கூடாது. அப்போதுதான் ஒருவரும் பின்தங்கித் தனியாக நிற்கமாட்டார்களாம். முதல் நாளே என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ரோஷமாகத்தான் இருந்தது. போகப் போக ஊர்வலத் தலைவி மாதிரி மிதப்பும் வந்துவிட்டது.

போன ஞாயிறு அந்த மிதப்பில், பாதை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். தப்பு என்று பின்னால் வந்த எல்லாருக்கும் தெரியும். கூப்பிடத்தான் ஒருத்தருக்கும் மூச்சில்லை. முந்தவும் கூடாதே! முள்ளெல்லாம் மிதித்து, பூட்டிக் கிடந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் முன்னால் போய் நின்றோம்.

ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கிறார், ரிட்டையர்டு பஸ் டிரைவர். மூச்சு வாங்கி முடித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், "கண்ணு என்ன பிடரியிலயாம்மா இருக்கு? அவ்வளவு பெரிய போர்டு தெரியலையா?" என்று. இதய ஆபரேஷன் செய்துகொண்ட டீச்சர் அவருக்கு மேல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தபடியே அழுதுவிட்டேன்.

நோய் வந்ததிலிருந்து என்னை யாருமே திட்டியதில்லை, தெரியுமா? தையல் கடையில் நான் துணியைத் தப்பாக வெட்டினாலும், கூட வேலை செய்யும் பெண்கள் "பரவால்லக்கா, நீங்க உக்காருங்க" என்கிறார்கள். நீங்கள் மட்டும் என்ன? போனில் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது மாதிரி பேசுகிறீர்கள். உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவைத்த மனுஷன் எங்கே போனார்? எனக்கு அவர் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அப்புறம் திரும்பி வந்து, சரியான பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்குப் போய்விட்டோம். அங்கே காற்று முகத்தில் அறைந்தது. என் உடம்பை யாரோ எடுத்துப்போய்விட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. மறுநாள் முழுக்கப் படுக்கைதான், அதையும் மறைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன்.

அதனால் வேலையை விடாதீர்கள். லீவு கிடைக்கும்போது வாருங்கள், என் புருஷனாக வாருங்கள். நர்ஸ் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இதைப் படித்ததும் போன் போட்டு, "யாரைக் கேட்டுடி மலைக்குப் போன?" என்று ஒரு சத்தம் போடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பதிலுக்குக் கத்த நான் காத்திருக்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
வாயாடி