வாளியில் விட்ட உயிர்கள்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கடலிரைச்சல் பல்கனி வரைக்கும். முழங்கால் வலியால் பூசை சுருக்கமாக.

தம்பியின் கீரைப் பெட்டிகள் ஆறு. சலாது மூன்று, கங்குன் இரண்டு, வல்லாரை ஒன்று. எல்லாம் திராட்சை வந்த, பாரமற்ற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள். மண் கிடையாது. மூடியில் துளையிட்டுச் செருகிய யோகட் கோப்பைகளில் செடிகள். வேர்கள் கீழே சத்துக் கரைசலில். அவன் தொடையெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் இந்த இரண்டு மாதமும் இவை என் பொறுப்பு. எழுபத்துமூன்று வயதில் புதிய ஊழியம்.

செய்தவை: கரைசல் மட்டம் பார்த்தது. பழுத்த இலை கிள்ளியது. இரண்டாம் பெட்டியில் மீண்டும் நுளம்புக் குடம்பிகள், நெளியும் சின்னப் புழுக்கள். மூடியில் வெடிப்பு, அதன் வழியே நுளம்பு புகுந்து முட்டையிடுகிறது. தேத்தண்ணி வடியால் அள்ளிச் செம்பிலிட்டு, படியிறங்கிப் பின்புறம் போய், கீழ்வீட்டு ஏ.சி. குழாயின் கீழிருக்கும் வாளிக்குள் விட்டேன். தெளிந்த நீர், நிழல். சவுக்கார நுரை ஓடும் கானுக்குள் ஊற்ற மனம் ஒப்பவில்லை. மூன்று கிழமையாக இதுவே முறை.

தம்பி கட்டிலில் கிடந்தபடி: "அக்கா, நாலு கப்பி மீன் வாங்கிப் பெட்டிக்குள்ள விட்டால் சோலி முடிஞ்சுது. எல்லாத்தையும் திண்டுவிடும்."

"கொல்லுவதற்கென்று ஒரு மீனை வளர்க்க நான் ஆள் இல்லை."

"அப்ப தொட்டிலும் கட்டி ஆட்டுங்கோ. தாலாட்டும் ரெண்டு பாடுங்கோ. உங்களுக்கோ பாட்டுக்குப் பஞ்சமில்லை."

சிரித்துவிட்டேன்.


ஜூன் 6, வெள்ளி

மழை விட்டுப் புழுக்கம். கோயிலில் கூட்டம், செருப்பு மாறி வந்துவிட்டது, வலதுகால் வேறு யாருடையதோ.

காலையில் செம்போடு இறங்கும்போது படியில் கீழ்வீட்டு நஸ்ரீனா. முகம் கறுத்து, கையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் துணிப்பையும். கணவர் ஜமீலுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம்.

"டெங்குதான் ஆன்ட்டி. வார்ட்ல நிப்பாட்டிட்டாங்க. பிளேட்லெட் எறங்கிக்கிட்டே ஈக்கி."

"ஐயோ, பிள்ளை. சாப்பிட்டாயா நீ?"

"எங்க சாப்பிடுற. நீங்க ஒங்கட கோயில்ல கேளுங்க ஆன்ட்டி. நான் எங்கட பக்கத்தால கேக்குறன். யாருக்காவது கேக்கட்டும்."

கட்டாயம் வேண்டுகிறேன் என்றேன். ஓட்டோ பிடிக்க ஓடினாள். நான் மிச்சப் படிகளை இறங்கிப் போய்ச் செம்பிலிருந்தவற்றை வாளியில் விட்டேன். கை தன் வழக்கத்தைச் செய்தது.

மாலை அவருக்காக ஒரு பதிகம், ஒரு விளக்கு. அப்போதும் உறைக்கவில்லை.


ஜூன் 7, சனி

எழுத மனமில்லை. எழுதாமல் விட்டால் இன்னும் கேடு.

மு.ப. 10. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உதவியாள் ஒருவரோடு. நோய் வந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர்கள் நடைமுறையாம். பின்புற வாளிக்குள் வெள்ளை அகப்பையை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே குடம்பிகள் நெளிந்தன. பல்கனியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேக்க காகேத?" இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

நஸ்ரீனா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தங்களுடையது என்றாள். தரை துடைக்கப் பிடிக்கும் ஏ.சி. தண்ணீர் என்றாள். வீடும் வார்டுமாக அலைந்ததில் இந்தக் கிழமை ஊற்றவில்லை என்றாள். அவர் தலையாட்டியபடி எழுதினார். நீதிமன்றுக்கு வரும்படி கடதாசி.

பிறகு மேலே வந்து எங்கள் ஆறு பெட்டிகளையும் திறந்தார். விடியற்காலையிலேயே வடித்திருந்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஹரிம பிரிசிதுயி, அம்மே." மிகச் சுத்தமாம்.

தலையசைத்தேன். ஒரு சொல் போதுமாயிருந்தது. சொல்லவில்லை. என் வீட்டின் சுத்தம் எங்கே போய்க் கிடந்ததென்று அந்த அகப்பையில் கண்ட பிறகும் சொல்லவில்லை.


ஜூன் 8, ஞாயிறு

காற்று. கங்குன் இலைகளில் உப்பு.

தம்பியிடம் சொன்னேன். முதலில் பகிடி என்று நினைத்தான்.

"வாளிக்குள்ளயோ? நீங்கள் கானுக்குள்ள ஊத்துறியள் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

"கானில் செத்துவிடும்."

"சாகத்தானே வேணும், அக்கா!" பிறகு குரல் தணிந்து: "சரி, விடுங்கோ. கொழும்பு முழுக்க டெங்கு. அந்த மனிசனைக் கடிச்ச நுளம்பின்ர முதுகில உங்கட பேர் எழுதியிருந்ததோ?"

"நுளம்பை அறியேன். வாளியில் இருந்தவை நான் விட்டவை. அதற்கு அந்தப் பெண் கோட்டுக்குப் போகப்போகிறாள்."

"அவையளின்ர வாளி. ஊத்தாதது அவையளின்ர பிழை."

அதுவும் உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு காலை முழுதும் இருந்தேன். நிற்கவில்லை.

கொல்லாமை பற்றி எத்தனை பாடல் மனப்பாடம். பிறர் சன்னலடியில் கொண்டுபோய் வைக்கும் கருணையைப் பற்றி ஒன்றிலும் இல்லை. அல்லது இருந்தும் நான் இசைக்காகப் பாடிக் கடந்திருக்கிறேன். புழுவைக் கொல்லாத கை என்று எனக்கு நானே ஒரு பெருமை வைத்திருந்தேன். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் படியிறங்கியிருக்கிறேன், இந்த முழங்காலோடு.

தம்பி பிறகு: "சொல்லுறதெண்டால் நான் துணைக்கு இறங்கி வரேலாது. தனியத்தான் போகவேணும்."


ஜூன் 9, திங்கள்

சோமவார விரதம். பி.ப. 4 மணிக்குக் கீழே போனேன்.

நஸ்ரீனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஜமீலுக்கு இன்று கொஞ்சம் தேவலை, கஞ்சி குடித்தாராம். உட்காரச் சொன்னாள். நின்றபடி சொன்னேன், முழுவதும்.

"நீங்களா? கையால கொண்டு வந்தா?"

"செம்பில்."

"சாகக் கூடாதுன்னு?"

"ஓம்."

சிரித்தாள். கேட்கக்கூடாத சிரிப்பு. ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவர் மவுத்தாகி ஈந்தா ஆன்ட்டி? அவர எந்தச் செம்புல அள்ளுவீங்க?"

அரிசிச் சட்டியை ஒருபக்கம் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு அந்த ஆளு எனக்குக் கடதாசி எழுதக்கொள நீங்க மேல நின்டு பாத்துக்கிட்டு ஈந்தீங்க. நான் கண்ட."

"ஓம். நின்றேன்."

"போங்க ஆன்ட்டி. நான் ஏதும் சொல்லிப்போடுவன்."

கதவை மெதுவாகத்தான் மூடினாள். அறைந்து மூடியிருக்கலாம்.




ஜூன் 11, புதன்

பரிசோதகரின் அலுவலகம். மர வாங்கில் உட்கார்ந்து ஒரு மணிநேரம். மின்விசிறி இரைந்தது, சுற்றவில்லை. என் சிங்களம் பாதியில் நின்றுபோக, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்டு முடித்துவிட்டு மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"அம்மா, இத நான் எப்பிடிச் சொல்ற? குடம்பிக்கு வீடு பாத்துக் குடுத்தீங்க எண்டா?"

"அப்படியே சொல்லுங்கள்."

சொன்னார். அறையில் நால்வர் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. அன்று அகப்பையை வெளிச்சத்தில் பிடித்த அதே கையால் நெற்றியைத் தேய்த்தார். எழுதியதை நீக்க இயலாதாம். நீதிமன்றுக்கு நானும் போய் இதையே சொல்லலாமாம். பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக்கொண்டார். வீட்டில் மூடி வெடித்த பெட்டியை இன்றே மாற்றும்படி சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இடம் கிடைத்தது. இறங்க எழும்ப முடியவில்லை. ஒரு தரிப்பு தள்ளி இறங்கி நடந்தேன்.

நானும் வருவேன் என்று ஒரு துண்டில் எழுதி நஸ்ரீனாவின் கதவடியில் தள்ளினேன்.


ஜூன் 15, ஞாயிறு

வெயில். ஜமீல் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். படியில் அவர் குரல் கேட்டது, மெலிந்து. இறைவன் பெரியவன். அதற்குமேல் எழுதும் தகுதி எனக்கில்லை.

மு.ப. 11. கதவில் தட்டல். நஸ்ரீனா. கையில் ஃபோன், அதன் வெளிச்சம் எரிந்தபடி.

"பெட்டியெல்லாம் பாக்கணும்."

கூட்டிப் போனேன். ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, வேர்களை ஒதுக்கி, மூலை மூலையாக வெளிச்சம் அடித்தாள். தம்பி உள்ளிருந்து, "பிள்ளை, தேத்தண்ணி?" என்றான். "வேணாம் அங்கிள்."

"இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவன். கோவிச்சாலும் சரி. எனக்கு ஒங்கள நம்ப ஏலா, ஆன்ட்டி."

"வா."

"கோட்டுக்கு ஒண்டாத்தான் போகணும். காலைல ஏழு மணிக்கு வெளிக்கிடுங்க."

"ஓம்."

நாலாம் பெட்டியில் ஐந்து குடம்பிகள். நேற்று நான் பார்த்தபோது இல்லை; அல்லது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளே வடியால் அள்ளினாள். அள்ளி, தானே கொட்டாமல், வடியை என்னிடம் நீட்டினாள்.

பல்கனிச் சீமெந்து சுட்டுக்கொண்டிருந்தது. கவிழ்த்தேன். எந்தப் பாடலும் வாயில் வரவில்லை. அசைவு நிற்கும்வரை இருவரும் நின்றோம்.

"அடுத்த பெட்டி," என்றாள்.