பெட்ரோலுக்கு எந்த கார்டு

12.8.2009, புதன். சிதம்பரம்.

ஒரு கார்டுக்காக டைரியில் ஒரு பக்கத்தை வீணாக்குகிறேன். தப்புதான்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தான் ஓட்டும் வேனுக்குப் பெட்ரோல் போட கிரெடிட் கார்டு கேட்டார். வீட்டில் சம்பளச் சீட்டு இருப்பது எனக்கு மட்டும்தான், அதனால் கார்டு என் பெயரில். கடலூர் சிப்காட்டில் என் ஆபீசுக்கு வந்த பேங்க் ஆள் இரண்டு வகை சொன்னார். ஒன்று கேஷ்பேக், மாதாமாதம் கொஞ்சம் பணம் திரும்பி வரும். மற்றதில் செலவுக்குத் தகுந்தபடி விமான மைல் சேரும், இரண்டு வருஷத்தில் ஒரு விமான டிக்கெட் கிடைக்கும்.

இன்று சாப்பிடும்போது மைல் கார்டு வாங்கலாம் என்றேன்.

"கடலூருக்கு ப்ளைட்லயா போவப் போற?" என்று மாமா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் இவ இங்க இருந்தாதான? தையில முடிச்சிடணும்னு அப்பா சொல்றாரு. கல்யாணம் ஆயிட்டா கார்டும் இவளோட போயிடும். கேஷ்பேக்கே போடச் சொல்லுங்க."

தை மாதம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேஷ்பேக் கட்டத்தில் டிக் போட்டேன். விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை.

காலையில் மாமாவோடு வேனில் ஆபீசுக்குப் போகும்போது சொல்லிவிட வேண்டும். மாமா, மைல் கார்டே வாங்குவோம். எனக்கு ரெண்டு வருஷம் குடுக்கச் சொல்லி அப்பாகிட்ட நீங்க பேசுங்க.